பூங்கொடி என்கிற என் அம்மா

என் அம்மாவைப் பார்த்து வரைந்த சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று உண்டு. பதினாறு பக்கம், வழுவழுப்பான தாள், முழு வர்ணம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவாக இருக்கிறது, அவர்கள் கீரையும் பருப்பும் முட்டையும் சாப்பிட வேண்டும் என்று எடுத்துச் சொல்வதற்காக ஒரு நிறுவனம் அதை அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கும் கொடுத்தது. கதாநாயகியின் பெயர் பூங்கொடி. கொழுந்து பறிக்கிறவள். முதல் பக்கத்தில் மயங்கி விழுவாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பாள். அந்தப் பூங்கொடிதான் என் அம்மா என்று நம்பியவர்கள் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் லயம் நோர்வூட்டிலிருந்து இரண்டு மைல் மேலே, தேயிலை மலையின் நடுவில் இருந்தது. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா நோர்வூட் பஜாரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்குப் பழைய பேப்பர் கட்டோடு சித்திரக்கதைப் புத்தகங்களும் வந்து சேரும். அட்டை கிழிந்தவை, கடைசிப் பக்கம் இல்லாதவை எல்லாவற்றையும் மாமா எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார்.

அந்தப் புத்தகங்களில் ஆண்கள் பலவிதமாக இருந்தார்கள். தடியர்கள், ஒல்லியர்கள், மொட்டைத் தலையர்கள், மூக்கு வளைந்தவர்கள், ஒற்றைக் கண்ணர்கள். பெண் மட்டும் ஒரே ஒருத்திதான். புத்தகத்துக்குப் புத்தகம் பெயரையும் உடுப்பையும் மாற்றிக்கொண்டு அவளே வந்தாள். கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள் என்பதால் வில்லனுக்கு நிறைய மை செலவாகியிருக்கும். அவளுக்குச் செலவே இல்லை. இரண்டு பெரிய கண், ஒரு வாய், மூக்கு இருப்பதற்கு அடையாளமாக ஒரு சின்னக் கோடு; மிச்சமெல்லாம் வெறும் தாள். மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டாலும் அவள் தலைமுடி கலையாது. லயத்துச் சுவர்களில் தொங்கிய கடைக் கலண்டர்களிலும், டிஷ் அன்டனாவில் வந்த நாடகங்களிலும் அவளேதான் இருந்தாள், கொஞ்சம் வர்ணம் சேர்த்து. ஆகவே பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், எங்கள் லயத்தில் இருந்தவர்கள் ஏதோ தவறுதலாக வேறு மாதிரி அமைந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்காக வருத்தப்பட்டதாக நினைவில்லை. அதிகம் மழை பெய்கிற இடத்தில் பிறந்துவிட்டோம் என்பதைப்போல அதுவும் ஒன்று.

ஆகஸ்ட் லீவில் ஓர் அக்கா வந்தாள். கண்டியிலிருந்து வந்திருப்பதாகவும், புத்தகத்துக்குப் படம் வரையப் போவதாகவும் கங்காணி சொன்னார். ஜீன்ஸ் போட்டு, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் ஏற்றி, தலைமுடியைக் கழுத்துக்கு மேலே கட்டையாக வெட்டியிருந்தாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குள் உடனே வழக்கு ஆரம்பித்தது.

“ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?”

“காதுல தோடு இருக்கே.”

“அது இப்ப ஆம்பளைங்களுந்தான் போடுறானுங்க.”

அக்காவுக்கு இது கேட்டது. “பொம்பளப் புள்ளதாங்க அக்கா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். அவள் என் அம்மாவைவிட ஒரு படி கூடக் கறுப்பு. பெண்களை வரைய வந்தவள், தானே எந்தப் படத்திலும் வர முடியாதவளாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று நாள் வரைந்தாள். எங்கள் மலையில் கூடை வழக்கொழிந்து, எல்லாரும் நைலோன் சாக்கைத்தான் முதுகில் கட்டினார்கள். ஆனால் படத்தில் கூடை இருக்க வேண்டும் என்று நிறுவனத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். கங்காணி லயம் லயமாக ஆள் அனுப்பினார். கடைசியில் ஒரு வீட்டில் கோழி அடைக்க வைத்திருந்த கூடை கிடைத்தது. அதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள்.

முதல் நாள் மலைக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். சிலர் பூ வைத்திருந்தார்கள். தேயிலை மலை கலியாண வீடு மாதிரி மணத்தது. அக்கா பென்சிலை எடுக்கும்போதெல்லாம் அவர்கள் கொழுந்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். என் அம்மா மட்டும் கொழுந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடக்கம் அதிகம் என்று இதை நான் சொல்லவில்லை. பத்து மணி நிறுவைக்குள் சாக்கை நிரப்பிவிட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதம் அப்படி. கையைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாள். அதனாலேயே அக்கா கல்லைவிட்டு எழுந்து வந்து அம்மாவின் நிரையில் உட்கார்ந்துகொண்டாள். கோழிக்கூடையும் அம்மாவின் முதுகுக்கு வந்தது.

என் அம்மா குட்டை. தோள் அகலம். அப்பாவின் பழைய சேர்ட்டைப் போட்டு, இடுப்பிலிருந்து கீழே தார்ப்பாய்த் துண்டைச் சுற்றிக் கட்டினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் இருப்பாள். பதினேழு வயதில் மலைக்கு இறங்கியபோது கூடைக்கயிறு தலையில் பதிந்து, முன்தலையில் முடி விலகி ஒரு தடம் விழுந்திருந்தது. கூடை போய்ச் சாக்கு வந்தபிறகும் அந்தத் தடம் போகவில்லை. விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருக்கும்; சிரித்தால் அதுதான் முதலில் வெளியே வரும்.

மூன்றாம் நாள் அக்கா வரைந்ததைக் காட்டினாள். அம்மா இரண்டு கைகளையும் தார்ப்பாயில் துடைத்துவிட்டு அந்தக் கொப்பியை வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பல்லக்கூட விடல இந்தப் புள்ள.”

பெண்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். ‘அவளேதான், அவளேதான்’ என்றார்கள். நானும் பார்த்தேன். தடம் இருந்தது, பல் இருந்தது, அகலமான மூக்கு இருந்தது. கன்னத்தை அக்கா பென்சிலால் திரும்பத் திரும்பத் தேய்த்து இருட்டாக்கியிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தும் இவளுக்கு வரையத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அன்று அக்கா ஹட்டன் பஸ்ஸுக்கு இறங்கியபோது அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீதி வரைக்கும் கூடவே போனேன். பஸ் வரும் வளைவைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“அக்கா, புத்தகத்துல வாறப்ப அழகா வரைவீங்கதானே?”

“ஏன், இது அழகா இல்லையா?”

“இது அம்மா மாதிரியே இருக்கு.”

அக்கா சத்தமாகச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “சரி, பாப்போம்” என்று சொல்லி, பையைத் திறந்து மெத்தென்று எழுதும் கறுப்புப் பென்சில் ஒன்றைக் கொடுத்தாள். பஸ் வந்தது. அந்தப் ‘பாப்போம்’ என்பதை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே என் வகுப்பு முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தெரியவைத்தேன். எங்கள் அம்மா ஒரு சித்திரக்கதையில் வரப் போகிறாள், அவளுக்குப் பெயர்கூட மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றேன். என் பக்கத்தில் இருந்தவள் நித்யா. அவள் அப்பாவுக்குப் பஜாரில் வளையல், ரிபன், முகக்கிறீம் விற்கிற கடை. அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அவள் அம்மா ஒரு மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருப்பாள். வெயிலே படாத கைகள். கலண்டரிலிருந்து இறங்கி வந்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்ட அம்மாவை வைத்துக்கொண்டு இருந்த நித்யாவே என் அம்மாவின் புத்தகம் எப்போது வரும் என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். அந்தப் பள்ளித் தவணை முழுவதும் எனக்கு மதிப்பு இருந்தது.

அடுத்த வருஷம் தொடக்கத்தில் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்தன. புதிதாக மாற்றலாகி வந்திருந்த எங்கள் வகுப்பு மிஸ் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

பூங்கொடி ரோஸ் நிறத்தில் இருந்தாள். கண்கள் காதை நோக்கி ஓடின. மூக்கு ஒரு சின்னக் கோடு. இடுப்பு என் இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முழங்கால் வரை கூந்தலை அவிழ்த்துவிட்டு நின்றாள். கூடை இருந்தது, கயிறு இல்லை. அது தானாகவே அவள் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றிக்கு மேலே தடமும் இல்லை. மயங்கி விழுகிற படத்தில்கூடப் பொட்டு நகரவில்லை. இரத்தம் குறைந்தவள் கன்னத்தில் எப்படி அவ்வளவு சிவப்பு வந்தது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். நான் கேட்டேன், அவள் செய்தாள். சந்தோஷத்தில் என் காது சூடாகிவிட்டது.

நித்யா புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதா உங்கம்மா?”

“ஆமா.”

“சும்மா பொய் சொல்லாத. எங்க கடைக்கு ஒருநாள் உன்னோட வந்தாங்களே.”

“அது மலைக்குப் போறதால வெயில்ல கறுத்துப் போறது. வீட்டுல இருக்கிறப்ப இப்பிடித்தான் இருப்பாங்க.”

அவள் நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் இல்லை. எங்கள் லயம் வரைக்கும் ஏறி வந்து பார்க்கப் போகிறாளா என்ன.

அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்து அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். மாமாவும் வந்து எட்டிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தவுடன் சொன்னார்: “அக்கா, ஒன்ன நல்லா வெள்ளாவியில வச்சு எடுத்திருக்காங்க.”

அம்மா சிரிக்கவில்லை. எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பூங்கொடி புருஷனுக்குக் கீரை பரிமாறினாள். பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்தாள். மிட்வைப் மிஸ் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டாள். கடைசிப் பக்கம் வரைக்கும் போன அம்மா மறுபடியும் முதலிலிருந்து திருப்பினாள்.

“சாப்புடச் சொல்லித்தானே இந்தப் பொஸ்தகம்?”

“ஆமாம்மா.”

“இவ ஒரு எடத்துலயும் ஒரு வாய் சாப்புடலையே.”

மாமா இதற்குப் பெரிதாகச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை அழகான புத்தகத்தில் போய்க் குறை கண்டுபிடிக்கிறாளே என்று, “நல்லா இல்லையாம்மா?” என்று கேட்டேன். அம்மா அட்டையை இன்னொரு தரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லாம என்ன” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி, பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த தகரப்பெட்டிக்குள் வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு வாரம் கழித்து மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் விழா, கொழும்பிலிருந்து நிறுவனத்து ஆட்கள் வருகிறார்கள், உண்மையான பூங்கொடியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள், அம்மா கட்டாயம் வர வேண்டும். மிஸ் சந்தோஷமாகச் சொன்னாள். அவள் பேசப் பேச எனக்கு மேடை தெரிந்தது. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பூங்கொடி படம் தொங்கும். அதன் முன்னால் அம்மா நிற்பாள். வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் படத்தைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

கடிதத்தைக் கணிதப் புத்தக உறைக்குள் செருகினேன். அடுத்த நாள் மிஸ்ஸிடம் போய், “அம்மாவுக்கு லீவு குடுக்க மாட்டாங்களாம் மிஸ்” என்றேன். மிஸ் உச்சுக்கொட்டி, பாவம் என்றாள். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று இருந்தது.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், கண்டி அக்காவிடம் மாமாவின் போன் நம்பர் இருந்தது. விழாவுக்கு முதல் நாள் அவள் மாமாவுக்குப் பேசி, அம்மா வருகிறாள்தானே, பிள்ளையிடம் கடிதம் கொடுத்தார்களே என்று கேட்டிருக்கிறாள். மாமா வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பல வருஷம் கழித்து மாமா சொல்லித்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது அம்மா கேட்டாள்.

“இன்னைக்கி பள்ளிக்கூடத்துல ஏதும் விசேஷமா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அம்மா ரிபனைக் கட்டி முடித்தாள். வழக்கம்போல ஒருமுறை இழுத்துப் பார்த்து, “சரி, போய்ட்டு வா” என்றாள்.

மண்டபத்தில் நான் நினைத்தபடியே பெரிய படம் தொங்கியது. நிறுவனத்திலிருந்து வேனில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். உண்மையான பூங்கொடி வரவில்லை என்றதும் அவர்களுக்குள் கொஞ்சம் குசுகுசுப்பு. பொன்னாடை இருக்கிறது, போட்டோ எடுக்கிறவர் இருக்கிறார். போர்த்த ஆள் வேண்டும். முன்பள்ளி டீச்சரைக் கூப்பிட்டார்கள். அவள் டிக்கோயாப் பக்கத்திலிருந்து வருகிறவள், நிறமானவள், ஒல்லி, நீளக் கூந்தல். “நான் கொழுந்தே எடுத்ததில்ல மிஸ்” என்று அவள் கூச்சத்தோடு மறுத்தது முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. போட்டோவுக்கு மட்டுந்தான் என்றார்கள். கொண்டு வந்திருந்த புதுக் கூடையை அவள் முதுகில் மாட்டினார்கள். கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். நிறுவனத்து அம்மணி ஒலிவாங்கியைப் பிடித்து, “இவங்கதான் நம்ம பூங்கொடி. பாருங்க, படத்தில உள்ள மாதிரியே இருக்காங்க” என்றாள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். எனக்கும் அவள் அப்படியே இருப்பதாகத்தான் பட்டது.

கை தட்டிக்கொண்டே நித்யா திரும்பிப் பார்த்தாள்.

“அங்க பாரு. பின்னாடி நிக்கிறது உங்கம்மாதானே?”

திரும்பினேன். பெற்றோர் நின்ற இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், அம்மா நின்றாள். தீபாவளிக்கு எடுத்த கிளிப்பச்சைச் சேலை. அரைநாள் வேலையோடு இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துக் கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முகம் வெள்ளையாக இருந்தது. பவுடர். வீட்டில் எங்களுக்குப் பவுடர் கிடையாது. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்வந்த பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவிடம் வாங்கியிருப்பாள். தாடை வரைக்கும் பூசியிருந்தாள். கழுத்து அம்மாவின் நிறத்திலேயே இருந்தது. முன்தலையின் தடம் தெரியாமல் முடியை ஒரு பக்கமாக இழுத்து வாரிக் கிளிப் குத்தியிருந்தாள். கண்டி அக்கா படம் வரைந்த மூன்று நாளும் முகத்தைக்கூடக் கழுவாமல் கொழுந்து எடுத்தவள். அவள் அழகாக வர முயன்றிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது.

“இல்ல” என்றேன். “அது எங்க பெரியம்மா.”

அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பள்ளி டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அவளும் கைதட்டினாளா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

விழா முடிந்து தேத்தண்ணியும் பெட்டிசும் கொடுத்தார்கள். கண்டி அக்காவும் அந்த வேனில்தான் வந்திருந்தாள். மேடைக்குக் கீழே ஓரமாக நின்றவள், அம்மாவைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனதைப் பார்த்தேன். இருவரும் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரமாக நழுவப் பார்த்தேன். அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டாள்.

போனேன். அம்மா என்னைப் பார்த்து, “பெட்டிஸ் தின்னியா?” என்று கேட்டாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் வந்தது. அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது பல நாளாக மனதில் இருந்தது.

“தேங்க்ஸ் அக்கா.”

“எதுக்குப் பாப்பா?”

“நான் சொன்ன மாதிரி அம்மாவ அழகா போட்டதுக்கு.”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“அது நான் போட்டதில்ல. நான் குடுத்த படம் வேற. அதப் பாத்தா ஆக்களுக்குப் பிடிக்காதுன்னு ஒபீஸ்ல வேற ஆள வச்சு மாத்திட்டாங்க” என்றாள். அதை எனக்குச் சொன்னாளா அம்மாவுக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. அம்மா, “விடுங்க மிஸ். அவங்களுக்கு எது சரியோ அது” என்றாள்.

அப்போதுதான் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நித்யா வந்தாள். அவளுக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கவில்லை. நேரே அம்மாவின் முன்னால் வந்து நின்று, மரியாதையாகவே கேட்டாள்.

“நீங்க இவளோட பெரியம்மாவாங்க?”

நான் தேத்தண்ணி சிந்தியிருந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா வாயைத் திறந்தாள். அம்மா அவள் முழங்கையில் கையை வைத்தாள்.

“ஆமா கண்ணு” என்றாள் அம்மா. “பெரியம்மாதான்.”

“அப்ப இவங்க அம்மா வரலையா?”

“அவளுக்கு லீவு கெடைக்கல.”

நித்யாவுக்கு அது போதுமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எனக்கு மூச்சு வந்தது. மிஸ்ஸிடம் நான் சொன்ன அதே காரணத்தை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அம்மா எப்படிச் சரியாகச் சொன்னாள் என்று வியந்தேன். அம்மா இவ்வளவு கெட்டிக்காரி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி நடந்தோம். பஜாரைத் தாண்டும்வரை அம்மா எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். யாராவது பார்த்தால் சேர்ந்து போகிறவர்கள் மாதிரித் தெரியாது. தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதை ஏறத் தொடங்கிய இடத்தில் நின்று என்னைச் சேரவிட்டாள்.

“அந்தக் கடுதாசி எங்க?”

கணிதப் புத்தக உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடிப்பாள் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கடிதத்தைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். தன் பெயர் எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு நாலாக மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். அடி இல்லை, திட்டு இல்லை. எனக்கு மனம் லேசாகிவிட்டது. அம்மாவும் நானும் கூட்டுச் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்துவிட்டோம் என்றே பட்டது. பாதை முழுவதும் பேசிக்கொண்டே வந்தேன். முன்பள்ளி டீச்சரின் கூந்தல் உண்மையிலேயே முழங்காலைத் தொடுகிறது என்றேன். நித்யாவின் அம்மா விழாவுக்கு வரவே இல்லை என்றேன். அம்மா ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள்.

லயத்துக்குக் கொஞ்சம் கீழே, மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலியில் அம்மா நின்றாள். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து முகத்தைக் கழுவினாள். கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். நாங்கள் அதில் முகத்தை நனைத்துவிட்டு உடனே ஓடிவிடுவோம். அம்மா விரல் நுனிகளால் நெற்றியையும் கன்னத்தையும் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் வெள்ளையாக வழிந்த தண்ணீர் தெளிந்து நெடுநேரமாகியும் அவள் நிறுத்தவில்லை. எனக்குப் பசித்தது. போவோம்மா என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். முகமெல்லாம் தண்ணீர். கண் சிவந்திருந்தது. என் பக்கம் குனிந்து கேட்டாள்.

“போயிருச்சா?”

நான் அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, காதோரத்தில் ஒட்டியிருந்த கொஞ்சத்தையும் என் யூனிபோர்ம் நுனியால் துடைத்தேன்.

“போயிருச்சும்மா” என்றேன். பவுடரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.